இழுப்பது திறனா, எடையா? - வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, இந்திய ரயில்வேயின் சரக்கு மின் எஞ்சின்களைப் பற்றியவையாக இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், தெளிவாகக் கேட்டவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் ஊர் நிலையத்தில் நிற்கும் சரக்கு எஞ்சின்களின் பக்கவாட்டில் டபிள்யூ, ஏ, ஜி என்று மூன்று ஆங்கில எழுத்துகளும் அடுத்து ஓர் எண்ணும் எழுதப்பட்டுள்ளன. அவற்றுக்கு என்ன பொருள்? (பள்ளி மாணவி, காட்பாடி)

முதல் எழுத்து பாதையின் அகலத்தைச் சொல்கிறது. டபிள்யூ என்றால் 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. ஒய் என்றால் மீட்டர் பாதை. இசட் என்றால் 762 மில்லிமீட்டர் குறுகிய பாதை. இரண்டாம் எழுத்து எஞ்சின் எதனால் ஓடுகிறது என்பதைச் சொல்கிறது. ஏ என்றால் மாறுமின்னோட்டம், சி என்றால் நேர்மின்னோட்டம், இரண்டிலும் ஓடுமானால் சிஏ, டீசலானால் டி. மூன்றாம் எழுத்து வேலையைக் குறிப்பது. ஜி சரக்குக்கும், பி பயணிகள் வண்டிக்கும், எம் இரண்டுக்கும், எஸ் நிலைய வளாகத்தில் பெட்டிகளை நகர்த்துவதற்கும் உரியவை. ஆக, நீங்கள் பார்த்தது அகலப்பாதையில் மாறுமின்னோட்டத்தால் ஓடும் சரக்கு எஞ்சின். ரயில் ஆர்வலர்கள் மூன்று எழுத்துகளையும் ஒரே சொல்லாக்கி 'வேக்' என்பார்கள். பயணிகள் எஞ்சின் 'வேப்' ஆகிவிடும். எழுதவும் படிக்கவும் எளிது என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். பின்னால் வரும் எண் மாதிரியின் வரிசை எண். வேக்-9 என்பதைப் பார்த்து 9,000 குதிரைத்திறன் என்று எண்ணிவிட வேண்டாம். அதன் திறன் சுமார் 6,000 குதிரைத்திறன்தான்.

ஒய் என்று தொடங்கும் மின் எஞ்சின்கள் அரியவை. அவற்றைக் கண்ட பெருமை நம் சென்னைக்கு உண்டு. கடற்கரை - தாம்பரம் மீட்டர் பாதை 1931-இல் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் மின்மயமாயிற்று. 1960-களில் அது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாறியது. ஜப்பானிலிருந்து வந்த ஒய்ஏஎம்-1 எஞ்சின்கள் விழுப்புரம் வரை பயணிகளையும் சரக்கையும் இழுத்தன. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரேனும் அந்த வண்டிகளில் பயணம் செய்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் இடையில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் வண்டிகளில் பலமுறை இரண்டு எஞ்சின்கள் சேர்ந்து இழுப்பதைப் பார்க்கிறேன். இப்போது 12,000 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் வந்துவிட்டதாகப் படித்தேன். அப்படியானால் அது ஒன்றே, 6,000 குதிரைத்திறன் எஞ்சின்கள் இரண்டின் வேலையைச் செய்யும் அல்லவா? (ஒரு வாசகர், பொம்மிடி)

ஓடும்போது செய்யும், கிளம்பும்போது செய்யாது. இந்த விடை பலருக்கு வியப்பைத் தரும் என்பதால் கணக்கையும் காட்டிவிடுகிறேன்.

நின்றுகொண்டிருக்கும் வண்டியை நகர்த்துவது விசை. திறன் என்பது அந்த விசையை வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது. வேகம் சுழியாக இருக்கும் நொடியில் எஞ்சினுக்குள் எத்தனை ஆயிரம் குதிரைகள் இருந்தாலும் அவற்றுக்கு வேலை இல்லை. அந்த நொடியில் எல்லையை வகுப்பது, இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தை எவ்வளவு பற்றிக்கொள்ளும் என்பதுதான். அந்தப் பிடிப்பு எஞ்சினின் எடையைப் பொறுத்தது. மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட இன்றைய எஞ்சின், உலர்ந்த தண்டவாளத்தில் தன் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டு அளவுக்கு இழுவிசையைத் தரும். அதற்கு மேல் மோட்டாரை முடுக்கினால், சக்கரம் இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுழலும்.

வேக்-9-இன் கனமான வடிவமான வேக்-9ஹெச் 132 டன் எடையுள்ளது. அதில் 40 விழுக்காடு ஏறத்தாழ 53 டன். அதன் தொடக்க இழுவிசையாகப் பொறியாளர்கள் குறிப்பிடும் 520 கிலோ நியூட்டனும் இதுவே. பீகாரின் மாதேபுராவில் அல்ஸ்தோம் நிறுவனத்துடன் சேர்ந்து கட்டப்படும் 12,000 குதிரைத்திறன் வேக்-12பி எஞ்சினின் எடை 180 டன். அதில் 40 விழுக்காடு 72 டன். குதிரைத்திறன் இரண்டு மடங்கு, தொடக்க இழுவையோ ஏறத்தாழ 1.36 மடங்கு, அவ்வளவுதான். இரண்டு வேக்-9ஹெச் எஞ்சின்களைச் சேர்த்தால் 106 டன் கிடைக்கும்.

இந்த எண்களைச் சுமையோடு வைத்துப் பாருங்கள். நிலக்கரி ஏற்றிய ஒரு முழு ரேக், அதாவது 58 வேகன்கள் அளவிலான தொடர், மொத்தத்தில் ஏறத்தாழ 5,000 டன் என்று கொள்வோம். 150 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் அந்த வண்டியைப் பின்னோக்கி இழுக்கும் புவியீர்ப்பு விசை, 5,000-ஐ 150-ஆல் வகுத்தால் வரும் 33 டன். 100-க்கு 1 ஏற்றமானால் 50 டன். இதோடு சக்கரங்களும் தாங்கிகளும் தரும் தடையையும் எஞ்சினின் சொந்த எடையையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 100-க்கு 1 ஏற்றத்தில் சிக்னலுக்காக நின்றுவிட்ட ரேக்கை ஒற்றை வேக்-9ஹெச் மீண்டும் கிளப்புவது நடவாத காரியம் என்பது இதிலிருந்தே விளங்கும். நீங்கள் பார்த்த இரட்டை எஞ்சின்களுக்குக் காரணம் இந்தக் கணக்குதான். இரண்டையும் கம்பிகளால் இணைத்து, முன் எஞ்சினில் இருக்கும் ஒரே லோகோ பைலட் இயக்குவதை 'எம்யூ' என்பார்கள். இணைப்பு இல்லாமல் பின்னாலிருந்து தள்ளிக்கொடுக்கும் எஞ்சின் 'பேங்கர்'.

வண்டி ஓடத் தொடங்கியபின் கதை மாறுகிறது. வேக்-9ஹெச் தன் முழு இழுவிசையை மணிக்கு 31 கி.மீ. வேகம் வரையே தர இயலும். அதற்குள் அதன் 4.5 மெகாவாட் திறன் தீர்ந்துவிடும், பிறகு வேகம் கூடக்கூட இழுவை குறையும். வேக்-12பி-யின் 9 மெகாவாட் தீர்வதற்கு 46 கி.மீ. வேகம் ஆகும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கணக்கிட்டால் முன்னதற்கு 33 டன் இழுவையும் பின்னதற்கு 66 டன் இழுவையும் மிஞ்சும். இங்கேதான் இரட்டிப்பு என்பது உண்மையாகிறது. 5,000 டன் சுமையோடு ஏற்றத்தில் 25 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து பின்னால் வரும் விரைவு வண்டிகளையெல்லாம் நிறுத்திவைப்பதற்கும், அதே சுமையோடு 50 கி.மீ. வேகத்தில் கடந்துபோவதற்கும் உள்ள வேறுபாடு, ஒரே பாதையைப் பயணிகளும் சரக்கும் பங்கிட்டுக்கொள்ளும் நம் நாட்டில் மிகப் பெரியது. 2020 மே 18 அன்று பண்டிட் தீன் தயாள் உபாத்யாய சந்திப்பிலிருந்து முதல் வணிக ஓட்டத்தைத் தொடங்கிய வேக்-12பி, 118 வேகன்களை இழுத்துச் சென்றது. அது ஏறக்குறைய இரண்டு ரேக்குகளின் நீளம். இரண்டு வண்டிகளுக்குத் தேவைப்படும் பாதை நேரத்தில் ஒன்று மிச்சமாயிற்று.

தொடக்க இழுவையில் பின்தங்கிய ஒற்றை எஞ்சினை, இரண்டு வேக்-9-களுக்குப் பதிலாக ஏன் வாங்க வேண்டும் என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். ஏற்றம் மிகுந்த பாதைக்கு இரண்டு வேக்-9ஹெச் சேர்ந்ததே மேல் என்பது என் கருத்து. சமவெளியில், குறிப்பாகச் சரக்குக்கென்றே போடப்பட்ட தனிப்பாதைகளில், பன்னிரண்டு மோட்டார்களுக்குப் பதில் எட்டு மோட்டார்களைப் பராமரித்தால் போதும் என்ற வசதியோடு வேக்-12பி வெல்லும். தண்டவாளமும் பாலங்களும் இடம் தந்தால், ஓர் அச்சுக்கு 22.5 டன்னாக உள்ள அதன் எடையை 25 டன் வரை கூட்டிக்கொள்ள அதன் வடிவமைப்பிலேயே வழி வைத்திருக்கிறார்கள். அப்போது தொடக்க இழுவை 80 டன் ஆகும். புதிய எஞ்சினின் எடையைக் கூட்டுவதற்கு முன்கூட்டியே திட்டமிட்டிருப்பதை வேறு எந்த வாகனத்திலும் குறை என்போம். இங்கே அது நிறை.

ஒரு சிறு தகவலையும் சேர்க்கிறேன். சக்கரப் பிடிப்புக்குப் பெருமழையைவிடத் தூறல் கெடுதல் செய்யும். பெருமழை தண்டவாளத்தைக் கழுவிவிடுகிறது. தூறலோ மேலே படிந்த தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் குழைத்துப் பூசிவிடுகிறது. அதனால்தான் இத்தனை மின்னணு நுட்பம் வந்த பிறகும், சக்கரத்தின் முன்னால் மணலைத் தூவும் நூறாண்டுப் பழைய குழாயை எந்த எஞ்சினிலிருந்தும் எவரும் கழற்றவில்லை.

கேள்வி: வேக்-5ஹெச்ஏ, வேக்-5ஹெச்பி, வேக்-7, வேக்-9ஹெச் என்று இத்தனை வகைகள் எதற்கு? ஒரே நல்ல எஞ்சினை வடிவமைத்து அதையே கட்டக் கூடாதா? (ஒரு வாசகர், ஈரோடு)

எஞ்சின் ஷெட் உள்ள ஊரிலிருந்து வந்த கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மும்பையில் 1925 பிப்ரவரி 3 அன்று இந்தியாவின் முதல் மின்ரயில் ஓடியது நேர்மின்னோட்டத்தில்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் 37-க்கு 1 என்ற கொடிய ஏற்றங்களில் சரக்கு இழுப்பதற்காக 1928-இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த டபிள்யூசிஜி-1, நடுவில் மடங்கக்கூடிய, நீண்ட மூக்குகள் கொண்ட எஞ்சின். ஆர்வலர்கள் அதை 'முதலை' என்பார்கள். 1957-இல், பிரான்சின் அனுபவத்தைப் பின்பற்றி, 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமே இனி நாட்டின் முறை என்று ரயில்வே முடிவெடுத்தது. மேற்கு வங்கத்தின் சித்தரஞ்சன் ஆலையில் கட்டப்பட்ட முதல் மாறுமின்னோட்ட எஞ்சின், 'பிதான்' என்ற பெயரோடு 1963 நவம்பர் 16 அன்று வெளிவந்தது. அதுதான் வேக்-1. நான்கே அச்சுகள், சுமார் 85 டன் எடை. முன் விடையிலுள்ள கணக்கைப் போட்டால் அதன் குறை உங்களுக்கே புலப்படும்.

அடுத்து வந்த வேக்-2 ஜப்பானியர் தந்தது, வேக்-3 ஐரோப்பியர் தந்தது, வேக்-4 மீண்டும் சித்தரஞ்சன் கட்டியது. இவற்றைக் கடந்துவிடலாம். நிலைமையை மாற்றியது 1980-களின் நடுவில் வந்த வேக்-5. ஆறு அச்சுகள், ஏறத்தாழ 119 டன், 3,850 குதிரைத்திறன். ஆயிரத்துக்கு மேல் கட்டினார்கள். அதன் போகி, அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனம் டீசல் எஞ்சினுக்காக வடிவமைத்தது. (நாம் பயணிகள் பெட்டியைப் 'போகி' என்று சொல்லிப் பழகிவிட்டோம், சரியாகப் பார்த்தால், பெட்டிக்கு அல்லது எஞ்சினுக்குக் கீழே சக்கரங்களைத் தாங்கும் சட்டகம்தான் போகி.) அந்த ஆல்கோ போகியில் மோட்டார்கள் ஒரே திசை நோக்கி அமையவில்லை. இழுக்கும்போது எடை ஓர் அச்சிலிருந்து இன்னோர் அச்சுக்குச் சாயும். இலேசான அச்சு முதலில் வழுக்கும். 1992-இல் வந்த வேக்-7-இல் மூன்று மோட்டார்களையும் ஒரே திசை நோக்கி வைத்த புதிய போகியைப் பொருத்தினார்கள். எடையை 123 டன்னுக்கும் திறனை 5,000 குதிரைத்திறனுக்கும் உயர்த்தினார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வேக்-5-உம் வேக்-7-உம் உடன்பிறந்தவை போலவே தெரியும்; வேறுபாடு பெரும்பாலும் காலடியில் இருக்கிறது.

பின்னால் ஒட்டும் எழுத்துகளில் ஒரு வேடிக்கை உண்டு. வேக்-5ஹெச்ஏ என்பதில் வரும் ஹெச், ஹிட்டாச்சி வடிவமைத்த மோட்டாரைக் குறிப்பது. தொடக்கத்தில் பிரெஞ்சு வடிவ மோட்டாரும் இருந்ததால், எதில் எது உள்ளது என்று ஷெட்டுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. வேக்-5ஹெச்பி என்பதில் உள்ள பி, பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ்) நிறுவனம் கட்டியதைக் காட்டும். ஆனால் வேக்-9ஹெச் என்பதில் உள்ள ஹெச்சுக்கு ஹிட்டாச்சியோடு எந்தத் தொடர்பும் இல்லை. அது 'கனமானது' என்பதன் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. ஒரே எழுத்து காலப்போக்கில் பொருள் மாறிவிட்டது. பெயர் வைத்தவர்கள் வெவ்வேறு காலத்தவர், அவரவர் அன்றைய தேவைக்கு வைத்தார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இனி உங்கள் கேள்வியின் உயிர்நாடிக்கு வருவோம். வேக்-7 வரையிலான எஞ்சின்கள் கம்பியிலிருந்து மாறுமின்னோட்டத்தை வாங்கி, மின்மாற்றியால் அழுத்தத்தைக் குறைத்து, நேர்மின்னோட்டமாக்கி, நேர்மின் மோட்டாருக்குக் கொடுத்தன. லோகோ பைலட் கைப்பிடியை நகர்த்தும்போது மின்மாற்றியின் 32 படிகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும். ஒவ்வொரு தாவலும் சக்கரத்துக்கு ஓர் உதை. பிடிப்பின் விளிம்பில் இருக்கும் சக்கரத்துக்கு அந்த உதை போதும், வழுக்கிவிடும். மேலும் நேர்மின் மோட்டாரின் கார்பன் தூரிகைகள் தேயும். பெருஞ்சுமையோடு ஊரும் வேகத்தில் நெடுநேரம் இழுத்தால் தூரிகை உரசும் செம்பு வளையம் சூடேறிக் கருகும். மும்முனை மாறுமின் மோட்டாரில் இந்த இரண்டு துன்பங்களும் இல்லை. ஆனால் ஒற்றை முனை மின்சாரத்திலிருந்து, வேகத்துக்கேற்ப அதிர்வெண் மாறும் மும்முனை மின்சாரத்தை ஓடும் வண்டியிலேயே உண்டாக்க வேண்டும். அதற்கான மின்னணுச் சாதனங்கள் 1980-களில்தான் முதிர்ச்சி அடைந்தன. இடையில் 1980-களின் இறுதியில் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வேக்-6 என்ற பெயரில் மூன்று வகைகளில் மொத்தம் 18 எஞ்சின்களை வாங்கி, தைரிஸ்டர் என்னும் மின்னணு சுவிட்ச் நுட்பத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அந்த வழியை நாம் பின்தொடரவில்லை. ஒரு படியைத் தாண்டி, ஏபிபி நிறுவனத்திடமிருந்து மும்முனை நுட்பத்தைத் தொழில்நுட்ப உரிமையோடு வாங்கி, 1990-களின் நடுவில் வேக்-9-க்கு வந்தோம். முதலில் ஜிடிஓ என்னும் மின்னணு சுவிட்சுகளோடு வந்த அது, இப்போது ஐஜிபிடி என்னும் புதுவகை சுவிட்சுகளோடு வருகிறது. முதலில் 123 டன். இழுவை போதவில்லை என்று கண்டு, வேண்டுமென்றே எடை ஏற்றி 132 டன் ஆக்கினார்கள்.

ஆகவே ஒரே நல்ல எஞ்சினைக் கட்டக்கூடாதா என்ற கேள்விக்கு விடை இதுதான்: இப்போது பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். சித்தரஞ்சன் மட்டுமன்றி, முன்பு டீசல் எஞ்சின் கட்டிய வாரணாசி ஆலையும் பாட்டியாலா ஆலையும்கூட வேக்-9 கட்டுகின்றன.

கேள்வி: வேப்-7 பயணிகள் எஞ்சினும் வேக்-9 சரக்கு எஞ்சினும் வண்ணத்தைத் தவிர ஒன்றுபோலவே இருக்கின்றனவே? (ஒரு வாசகர், விருத்தாசலம்)

உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. வேக்-9-இன் கியர் விகிதத்தை மாற்றிப் பெற்றதே வேப்-7. சரக்கு எஞ்சினில் 77-க்கு 15 பல். பயணிகள் எஞ்சினில் 72-க்கு 20 பல். மோட்டார் 5.13 சுற்று சுற்றினால் சரக்கு எஞ்சினின் சக்கரம் ஒருமுறை சுற்றும். பயணிகள் எஞ்சினில் 3.6 சுற்றே போதும். இதனால் முன்னதற்கு இழுவையும் பின்னதற்கு வேகமும் கிடைக்கின்றன. தொடக்கத்தில் வந்த 123 டன் வேக்-9-இன் இழுவிசை ஏறத்தாழ 460 கிலோ நியூட்டன், வேப்-7-உடையது 323. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.42 வரும், கியர் விகிதங்களை வகுத்தாலும் அதே எண்தான் வரும். ஆக, விட்டுக்கொடுத்தது எவ்வளவோ அவ்வளவே பெற்றது. வேக்-9 மணிக்கு 100 கி.மீ. வேகத்துக்கும் வேப்-7 140 கி.மீ. வேகத்துக்கும் உரியவை. எஞ்சின் தட்டுப்பாடான நாளில் பயணிகள் வண்டியைச் சரக்கு எஞ்சின் இழுத்து வருவதையும் காணலாம். வண்டி நேரத்துக்கு வருமா என்பது வேறு கேள்வி.

கேள்வி: சென்னைப் புறநகர் வண்டிகளில் ஓரிடத்தில் விளக்குகள் அணைந்து மீண்டும் எரிகின்றன. சரக்கு எஞ்சினுக்கும் அங்கே மின்சாரம் நின்றுபோகுமா? (ஒரு வாசகி, குரோம்பேட்டை)

நின்றுபோகும். ரயில் கம்பிக்கு மின்சாரம் தரும் துணைமின் நிலையங்கள் ஏறத்தாழ 40 முதல் 60 கி.மீ.க்கு ஒன்றாக உள்ளன. மாநில மின்கட்டமைப்பின் மூன்று முனைகளிலும் சுமை சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக, அடுத்தடுத்த நிலையங்கள் வெவ்வேறு முனைகளிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. இரு வேறு முனைகளின் கம்பிகளைப் பாண்டோகிராஃப், அதாவது கூரைமேல் நின்று கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கை, ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் பெரும் மின்குறுக்கு ஏற்படும். எனவே இடையில் மின்சாரமே இல்லாத சிறு துண்டைச் செருகியிருக்கிறார்கள். அதன் பெயர் நியூட்ரல் செக்‌ஷன். 500 மீட்டருக்கு முன்னும் 250 மீட்டருக்கு முன்னும் எச்சரிக்கைப் பலகைகள் இருக்கும். அதன்பின் எஞ்சினின் பிரதான மின்தடுப்பானைத் திறக்கச் சொல்லும் பலகையும், கடந்தபின் மூடச் சொல்லும் பலகையும் வரும். பழைய லோகோ பைலட்டுகள் அந்தத் தடுப்பானை இன்றும் 'டிஜே' என்றே சொல்வார்கள். அது பிரெஞ்சுச் சொல்லின் சுருக்கம். 1950-களில் நுட்பம் எங்கிருந்து வந்தது என்பதன் தடம் அதில் இருக்கிறது.

பயணிகளுக்கு இது கண் சிமிட்டும் இருட்டு. 5,000 டன்னை ஏற்றத்தில் இழுத்துக்கொண்டிருப்பவருக்கோ ஒவ்வொரு நொடியும் வேகம் கரையும். வேகத்தைச் சேர்த்துவைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வர வேண்டும் என்பது அவர் முதலில் கற்கும் பாடங்களில் ஒன்று. இடையில் நின்றுவிட்டால், எஞ்சினுக்குள் எல்லாம் நல்லபடி இருந்தும் நகர வழியிருக்காது.

கேள்வி: மலையிலிருந்து இறங்கும் சரக்கு எஞ்சின் மின்சாரம் தயாரிக்கும் என்பது உண்மையா? (ஒரு வாசகர், குன்னூர்)

வேக்-9 முதலானவற்றில் உண்மை. இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக வேலை செய்து வண்டியைத் தடுக்கும்; கிடைக்கும் மின்சாரம் மேலே கம்பிக்குத் திரும்பும். அதே பகுதியில் ஏறிக்கொண்டிருக்கும் வேறொரு வண்டி அதைப் பயன்படுத்திக்கொள்ளும், இல்லையெனில் துணைமின் நிலையம் வழியாக மாநிலக் கட்டமைப்புக்குப் போய்விடும். 5,000 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 1,360 யூனிட்; உருளும் தடையில் வீணாவது போக மிஞ்சுவதில் ஒரு பங்கை மீட்கலாம். வேக்-5, வேக்-7 எஞ்சின்களிலும் மோட்டாரால் தடுக்கும் முறை உண்டு. ஆனால் அந்த மின்சாரத்தை எஞ்சினின் மின்தடைகளில் எரித்துச் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடுவார்கள். சத்தீஸ்கரின் கிரண்டூலிலிருந்து இரும்புத் தாதுவைச் சுமந்து, கிழக்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரமுள்ள சிமிலிகுடாவைக் கடந்து, விசாகப்பட்டினக் கடற்கரை நோக்கி இறங்கும் பாதையில் சுமை இறக்கத்தில் வருகிறது. அங்கே இழுக்கும் வலிமையைவிடத் தடுக்கும் வலிமைக்கே மதிப்பு அதிகம். நான் முன்னே சொன்ன வேக்-6 எஞ்சின்கள் வேலை செய்த பாதை அதுவே.

கேள்வி: வடக்கே கண்டெய்னர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மின் எஞ்சின் இழுக்கிறதாமே, நம் பாதைகளில் ஏன் இல்லை? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

கம்பியின் உயரம்தான் காரணம். நம் வழக்கமான பாதைகளில் மின்கம்பி தண்டவாளத்திலிருந்து சுமார் ஐந்தரை மீட்டர் உயரத்தில் செல்கிறது. இரண்டடுக்குக் கண்டெய்னர் அதில் மோதிவிடும். மேற்குச் சரக்குத் தனிப்பாதையில் தொடக்கத்திலேயே கம்பியை ஏழரை மீட்டர் உயரத்தில் அமைத்தார்கள். அதை எட்டுவதற்கு நீண்ட கைகள் கொண்ட பாண்டோகிராஃபை எஞ்சினில் பொருத்த வேண்டும். 2021 ஜனவரி 7 அன்று ஹரியானாவின் நியூ அட்டேலியிலிருந்து ஒன்றரை கி.மீ. நீளமுள்ள இரண்டடுக்கு வண்டி இப்படி மின் எஞ்சினால் இழுக்கப்பட்டுப் புறப்பட்டது. இருக்கும் பாதையில் ஒவ்வொரு பாலத்தையும் கம்பத்தையும் உயர்த்துவதைவிடப் புதிய பாதை போடுவது எளிது என்பதால், உங்கள் துறைமுகத்துக்கு அது வருவதானால் தனிப்பாதையோடுதான் வரும்.

கேள்வி: பழைய டீசல் எஞ்சின்களை மின் எஞ்சின்களாக மாற்றப் போவதாகச் சில ஆண்டுகளுக்கு முன் படித்தேன். அது என்ன ஆயிற்று? இனி என்ன வகை வரும்? (ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், அரக்கோணம்)

2019 பிப்ரவரி 19 அன்று வாரணாசியில் பிரதமர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தது அந்த எஞ்சின். 2,600 குதிரைத்திறன் டீசல் எஞ்சின்கள் இரண்டை ஒட்டி, ஒவ்வொன்றையும் 5,000 குதிரைத்திறனுக்கு உயர்த்தி, 10,000 குதிரைத்திறன் இரட்டை எஞ்சினாக்கினார்கள். மனத்தைக் கவர்ந்த முயற்சி, ஆனால் நெடுந்தூரம் செல்லவில்லை. பழைய சட்டகத்துக்குள் புதிய மின்னணுவியலை அடைப்பதைவிட, ஆலைகள் ஏற்கெனவே கைப்பழக்கம் பெற்றுவிட்ட வேக்-9-ஐயே கூடுதலாகக் கட்டுவது சிக்கனம் என்று நானும் கருதுகிறேன்.

அடுத்து வருவது குஜராத்தின் தாஹோதிலிருந்து. சீமென்ஸ் நிறுவனத்தோடு 2023-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பதினோர் ஆண்டுகளில் 1,200 எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 9,000 குதிரைத்திறன், 35 ஆண்டுப் பராமரிப்பும் அவர்கள் பொறுப்பு. 2025 மே 26 அன்று ஆலை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கும் ஆறு அச்சுகள்தான். ஆகவே கிளம்பும் நேரத்தில் அது வேக்-9ஹெச்சைப் பெரிதும் விஞ்ச வழியில்லை. பொம்மிடி வாசகருக்குச் சொன்ன அந்த 31 கி.மீ. வேகத்தைத் தாண்டிய பிறகு, வேக்-9 தளரத் தொடங்கும் இடத்தில்தான் இது தன் கூடுதல் குதிரைகளைக் காட்டத் தொடங்கும்.